கியோகுரோவுக்குத் தோதான ஊறுகாய்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. யாமே ஊரில் மிட்சுயோவின் தேயிலைக் கடைக்குப் போனவன், அங்கே நடந்த வாக்குவாதத்தில் லயித்து நின்றுவிட்டேன்.

முதல் வரி இப்படி வந்தது: ‘மலைச்சரிவில் பனி மெல்ல...’ வேண்டாம். பனியைப் பற்றி யாருக்குக் கவலை? மிட்சுயோவின் கவலையெல்லாம் தொகுஜியைப் பற்றி.

2

தொகுஜி எதிர்க்கடை ஊறுகாய்க்காரன். பள்ளியில் அவளோடு படித்தவன். ஐம்பது வயதில் துணிந்து கல்யாணம் கேட்டான். “என் கியோகுரோவுக்குத் தோதா ஒரு ஊறுகாய் கொண்டு வா, கட்டிக்கிறேன்” என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டாள்.

கியோகுரோ என்பது நிழலில் வளர்த்த தேயிலை. வெதுவெதுப்பான நீரில் நிதானமாக ருசி இறங்கும். ஊறுகாயைக் கண்டால் ஒளிந்துகொள்ளும். தொகுஜியை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ருசி விஷயத்தில் அவளுக்குப் பொய் வராது.

(ஒரே ஒரு பொய் சொல்ல வைத்துப் பார்த்தேன். ‘பிரமாதம் தொகுஜி, இதுதான்’ என்று மிட்சுயோ... இல்லை, அடித்துவிட்டேன்.)

3

நான் போன அன்று தொகுஜி முதலில் முள்ளங்கி ஊறுகாயை வைத்தான்.

“தேநீர் எங்க போச்சுன்னே தெரியல.”

கத்தரிக்காயை வைத்தான்.

“தேவலை. ஆனா உப்பு முந்திக்குது.”

“அது நாக்கா, போலீஸ் ஸ்டேஷனா?”

“நீ ஒழுங்கா ஊறப்போடுப்பா, போலீஸ் ஏன் வருது?”

கடைசியில் யுசு எலுமிச்சை. அதுவும் தோற்றது.

“அவ்ளோதான் மிட்சுயோ. இனிமே எங்கிட்ட ஒண்ணுமில்ல” என்று ஜாடிகளைத் துணியில் கட்டத் தொடங்கினான்.

4

முடிவு ஒன்று: அவன் போய்விடுகிறான், அவள் கண்ணாடி வழியே... (எழுத மனமில்லை.)

முடிவு இரண்டு: நிபந்தனையை விட்டுக்கொடுக்கிறாள். (செய்யமாட்டாள்.)

நடந்தது இது. “உக்காரு!” என்று யுசு ஜாடியைப் பிடுங்கினாள். தேநீர் வடித்த கிண்ணத்தில் இளம்பச்சையாகக் கிடந்த இலைமேல் ஊறல் சாற்றைச் சொட்டினாள். கடைசியில் இலையையும் தின்பது யாமேயில் எல்லோருக்கும் பழக்கம்தான். நீரோடு ஜோடி சேர்ப்பதிலேயே குறியாக இருந்த இந்த இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை.

மென்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“என்ன?”

“மெல்றேன்ல, இரு!”

கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினாள். அவனும் தின்றான். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

“முன்னாடியே இலையை நீட்டியிருக்கலாம்ல?”

“நீட்டியிருந்தா இத்தனை ஊறுகாயும் ஓசியில யாரு குடுப்பா?”

5

“அப்போ கல்யாணம்?” என்றான். அவள் பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் ஓரமாக நின்ற என்னைப் பார்த்தாள்.

“கடை சாத்தியாச்சுங்க. நாளைக்கு வாங்க.”

மதியம் மூன்று மணிக்கு என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். என் கதையிலிருந்தே என்னைத் துரத்திவிட்டார்கள்; எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளே சிரிப்புச் சத்தம் ஓயவில்லை. பேசியது என் காதில் விழவில்லை, அதனால் எழுதவும் முடியாது. கல்யாணத் தேதியை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். எனக்குப் பத்திரிகை வந்தால் சரி.