சம்பந்தி தந்த துவக்கு

தன் புருஷனின் கண்ணை வைத்து ஹென்னிங் சோதனை நடத்தப் பார்க்கிறார் என்று ஞானேஸ்வரிக்கு முதலில் பட்டது, பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான்.

ஹென்னிங் வேறு யாருமல்ல, சம்பந்தி. மகள் மிதுஷாவைக் கட்டிய மிக்கெலின் தகப்பன். கல்யாணத்தன்று தன் பூட்டன் காலத்துத் துப்பாக்கி ஒன்றைப் பாலேந்திராவுக்குப் பரிசாகக் கொடுத்திருந்தார். நூற்றைம்பது வருடப் பழசு. இப்போது பாலேந்திராவின் அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்குப் புத்தம்புதுத் தோட்டாப் பெட்டி ஒன்றை ரிப்பன் கட்டிக் கொண்டுவந்து, சனிக்கிழமை சுடுகழகத்தில் அவர்தான் துப்பாக்கியை முதலில் சுட வேண்டும் என்றார். நீங்கள் ஒருமுறை சுட்டுப் பார்க்கவில்லையா என்று மிக்கெல் கேட்டதற்கு, சொந்தக்காரன்தான் முதலில் என்று கையை உதறினார். அந்த உதறல்தான் ஞானேஸ்வரிக்குப் பிடிக்கவில்லை.

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்த மனிதன், டேனிஷ் நகரமான சில்க்போர்க்கில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அதே சத்தத்தைத் தேடிப் போய்ச் சுடுகழகத்தில் சேர்ந்ததையே அவள் இன்னும் மன்னிக்கவில்லை. கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டவரும் இந்த ஹென்னிங்தான்.

தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மத்தியான இடைவேளையில் கைபேசியைத் தட்டித் தட்டி வாசித்தாள். அந்தக் காலத்துத் துப்பாக்கி அந்தக் காலத்துக் கருமருந்துக்குச் செய்தது. இந்தக் காலத்து மருந்துக்கு வேகம் அதிகம். தோட்டா அளவாகப் பொருந்திவிட்டது என்பதற்காகக் குழலைப் பின்னால் அடைத்து நிற்கும் இரும்புக் கட்டை தாங்கும் என்றில்லை. தாங்காவிட்டால் அது வரும் இடம் சுடுகிறவனின் முகம்.

அதன் பிறகு சம்பந்தி எதைச் செய்தாலும் அவளுக்கு வேறு மாதிரித் தெரிந்தது. சனிக்கிழமை நிச்சயம்தானே என்று இரண்டு தரம் தொலைபேசி எடுத்துக் கேட்டார். ஏன் அவ்வளவு அவசரம்? வீட்டுக்கு வந்தவர் துப்பாக்கியைத் தூரத்தில் நின்று பார்த்தார், தொடவில்லை. மிதுஷாவும் மற்றவர்களும் நன்றாகப் பின்னுக்குத் தள்ளி நிற்க வேண்டும் என்று மிக்கெலுக்குச் சொன்னதையும் அவள் கேட்டாள். எல்லோரும் பின்னுக்கு, தன் புருஷன் மட்டும் முன்னுக்கா?

"உவர் ஏன் உந்தத் துவக்கைத் தான் ஒருக்காச் சுட்டுப் பார்க்கேல்லை? வெடிச்சா உங்கட முகத்திலதானே வெடிக்கும்" என்று பாலேந்திராவைப் பிடித்தாள்.

"விசர்க்கதை கதையாதையும். மாப்பிள்ளை வீட்டார் தந்த சாமான்."

அவ்வளவுதான். மகளிடம் சொன்னால், நீங்கள் எல்லோரையும் சந்தேகப்படுகிறீர்கள் என்று டேனிஷில் பதில் வந்தது. மகள் சொன்னதில் பிழையில்லை. மிக்கெலையே அவள் இரண்டு வருடம் சந்தேகப்பட்டவள்.

சனிக்கிழமை வந்தது. காட்டோரத்துச் சுடுதளத்தில் சிவப்புக் கொடி ஏற்றினார்கள். காதுக் கவசம் மாட்டிக்கொண்டு எல்லோரும் நிலத்தில் போட்ட கோட்டுக்குப் பின்னால் நின்றார்கள். பாலேந்திரா சுடுவதற்காகப் பாயில் குப்புறப் படுக்கப் போனார். ஞானேஸ்வரிக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. மாப்பிள்ளையின் தகப்பனைப் பார்த்து நீ முன்னுக்குப் போ என்று நம்மவர்களில் ஒருத்தி சொல்வதில்லை. அவள் சொன்னாள். ஹென்னிங், முதலில் நீங்கள் சுடுங்கள் என்று எல்லோருக்கும் கேட்க டேனிஷில் சொல்லிவிட்டு, அவர் முகத்தைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். தோள் வலி, முழங்கால் வலி என்று ஏதாவது வரும் என்று காத்திருந்தாள்.

ஹென்னிங்கின் முகம் சின்னப்பிள்ளையின் முகம்போல மலர்ந்தது. உண்மையாகவா என்று பாலேந்திராவைக் கேட்டார். பாலேந்திரா இரண்டு கையாலும் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தார். ஹென்னிங் படுத்தார், தோட்டாவைப் போட்டார், கன்னத்தை மரக்கட்டையோடு ஒட்டினார். அந்த நிமிடமே ஞானேஸ்வரியின் சந்தேகம் பொடிப்பொடியாகிவிட்டது. வெடிக்கும் என்று தெரிந்த மனிதன் அப்படிக் கன்னத்தைக் கொடுக்க மாட்டான். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அப்போது ஹென்னிங் திரும்பாமலே கேட்டார். துப்பாக்கி திருத்துகிறவர் இந்தத் தோட்டாவைப் பற்றி ஏதும் சொன்னாரா?

"யா, யா" என்றார் பாலேந்திரா, டேனிஷில் ஆம், ஆம் என்று. எல்லாம் நல்லபடி என்றார்.

அந்த "யா, யா" அவளுக்குப் பழக்கமானது. பல் வைத்தியர் நோகிறதா என்று கேட்டாலும், தொழிற்சாலையில் மேலதிகாரி ஞாயிறும் வருவாயா என்று கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருவது அதுதான். அது பதில் அல்ல. தன்னால் யாருக்கும் கரைச்சல் வேண்டாம் என்பதுதான் அதற்குப் பொருள். அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்தார்.

வாய் திறந்தால் சம்பந்திக்கு முன்னால் புருஷனின் மானம் போகும். ஹென்னிங்கின் விரல் விசைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"சுடாதேங்கோ" என்றாள். முதலில் தமிழில்தான் வந்தது. பிறகு டேனிஷில் நிறுத்தச் சொன்னாள். தளப் பொறுப்பாளர் கையை உயர்த்தினார். ஹென்னிங் தோட்டாவை வெளியே எடுத்தார். தன் புருஷன் இந்தத் துப்பாக்கியைத் திருத்துகிற ஒருவரிடமும் காட்டவில்லை என்று அவள் சொன்னாள்.

கல்யாணத்தன்றே, திருத்துகிறவரிடம் கொண்டுபோங்கள், அளந்து பார்த்து எந்தத் தோட்டா சரி என்று சொல்வார் என்று ஹென்னிங் சொல்லியிருக்கிறார். பாலேந்திரா தலையாட்டியிருக்கிறார். சம்பந்தி வீட்டார் போட்ட சங்கிலியை நகைக்கடைக்குக் கொண்டுபோய் உரசிப் பார்ப்போமா? அப்படித்தான் அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆம் என்றால் ஆம் என்று மட்டுமே தெரிந்த ஹென்னிங், காரியம் முடிந்துவிட்டது என்று நம்பித் தோட்டா வாங்கியிருக்கிறார்.

திங்கட்கிழமை மூவருமாக ஹோர்சன்ஸில் ஒரு பட்டறைக்குப் போனார்கள். திருத்துகிறவர் துப்பாக்கியைக் கழற்றி, இரும்புக் கட்டையைப் பிடித்திருக்கும் அச்சில் மயிரளவு வெடிப்பைக் காட்டினார். அந்தத் தோட்டாக்கள் பழைய மாதிரியில் இப்போது புதிதாகச் செய்யும் துப்பாக்கிகளுக்கு உரியவையாம். இதில் போட்டிருந்தால் கட்டை பின்னால் பறந்திருக்கும் என்றார். புது அச்சுப் போட வேண்டும், அளந்து வேகம் குறைந்த தோட்டா செய்ய வேண்டும். துப்பாக்கியைச் சட்டத்தில் கட்டிவைத்து, சுவருக்குப் பின்னால் நின்று விசையைக் கயிற்றால் இழுத்து முதல் வெடிகளை வைக்க வேண்டும். சுட்டபின் வெளியே வரும் தோட்டாக் கூட்டில் வீக்கமோ கீறலோ இல்லையென்று கண்ட பிறகுதான் மனிதன் முகத்தை வைக்கலாம். பாலேந்திரா இந்த முறை தலையாட்டவில்லை, ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டார்.

அவரை உள்ளே விட்டுவிட்டு ஹென்னிங்கும் ஞானேஸ்வரியும் காருக்கு வந்தார்கள்.

"அன்றைக்கு என்னை ஏன் முதலில் சுடச் சொன்னீர்கள்?" என்று ஹென்னிங் கேட்டார்.

உங்களுக்கு மரியாதை செய்யத்தான் என்று ஒரு பதில் அவளுக்கு நாக்கு நுனியில் நின்றது. அவரும் நம்பியிருப்பார். சொன்ன எதையும் நம்புகிற மனிதர். அதனாலேயே அவளால் அதைச் சொல்ல முடியவில்லை.

"வெடித்தால் உங்கள் முகத்தில் வெடிக்கட்டும் என்று நினைத்தேன்" என்றாள்.

பட்டறைக் கதவைத் திறந்துகொண்டு வந்த பாலேந்திரா, என்ன கதை என்று இருவரையும் கேட்டார். அவளே சொல்லட்டும் என்று ஹென்னிங் ஞானேஸ்வரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.