சேறு பூசிய மொரிஸ் மைனர்

ரத்தோட்டையில் பஸ் ஏறிய ஸுபைதா, மார்ஜரி பிடித்து வைத்திருந்த சீட்டில் உட்காரும் முன்பே அவள் மடியிலிருந்த சப்பாத்துப் பெட்டியைப் பறித்துக்கொண்டாள்.

"ஆட்டாம தொற புள்ள. இப்பத்தான் காஞ்சிச்சு."

"என்ட சாச்சா ஜித்தாவுல இருந்து அனுப்பின சாமான். எனக்கே சட்டம் பேசுறியா?"

பஞ்சுக்கு நடுவில் சாம்பல் நிற மொரிஸ் மைனர் கார் ஒன்று உள்ளங்கை நீளத்தில் நின்றிருந்தது. ஸுபைதாவின் வாய் அடைத்துப் போனது. அது லேசில் அடைக்கிற வாய் இல்லை.

ஜித்தாவிலிருந்து வந்தபோது அது வெறும் பிளாஸ்டிக் துண்டுகள். அவற்றை ஒட்டி, ஒட்டுத் தெரியாமல் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, ஸுபைதாவின் வாப்பா பதுர்தீனின் ஹார்ட்வெயார் கடையில் வாங்கிய பெயின்டை மூச்சு விடுவதுபோல மெல்லிசாக அடித்து, காயவிட்டு, மறுபடி தேய்த்து, மறுபடி அடித்திருந்தாள் மார்ஜரி. பம்பருக்குப் பால்மா பக்கற்றின் உள்பக்கத்து வெள்ளித்தாள். கதவுப் பிடிக்குக் குண்டூசி. கண்ணாடியில் ஒரு ஜெபமாலை கூடத் தொங்கியது. அதைக் கோர்க்கும்போது அவள் மூச்சுவிடவே இல்லை.

மாத்தளையில் வருஷா வருஷம் மாதிரிக் கார் போட்டி நடக்கும். போன வருஷமும் அவள் ஒரு கார் கொண்டுபோனாள். நடுவர் எக்கநாயக்க அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த அண்ணன் செய்தது?" என்று கேட்டார். நான்தான் என்றாள். அவர் சிரித்தார். கண்டியில் ஒருவர் கார்கள் செய்து விற்கிறாராம், இது அவருடைய கைவேலைதானாம். பிள்ளை ஆசைப்பட்டுக் கொண்டுவந்திருக்கிறாள், பாவம், ஓர் ஓரமாக வைக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். பெயர் அட்டை இல்லாமல் நாள் முழுக்க அந்தக் கார் அநாதைப் பிள்ளை மாதிரி நின்றது.

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் அவள். பட்டம் வந்ததும் கோயிலில் நன்றிப் பூசை வைத்தார்கள். வேலைதான் எவனும் தரவில்லை. போன இடமெல்லாம் அவள் யார் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். தன் கையால் செய்த காருக்குமா கேட்பது? இந்த வருஷம் அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: காருக்கு முன்னால் ஓர் அட்டை, அதில் அவள் பெயர்.

"யா அல்லா" என்றாள் ஸுபைதா மெதுவாக. "மார்ஜரி, நம்பர் பிளேட்டப் பாரு."

மார்ஜரி பார்த்தாள்.

பழைய கார்களுக்கு நம்பரின் நடுவே சிங்களத்தில் ஸ்ரீ இருக்கும். அந்த ஒற்றை எழுத்துக்காக இந்த நாட்டில் தார்ச் சட்டி தூக்கியிருக்கிறார்கள், மண்டை உடைத்திருக்கிறார்கள். காலையில் புறப்படும் அவசரத்தில், நாலைந்து மயிர் மட்டும் விட்டு நறுக்கிய பிரஷ்ஷால், கறுப்பு பிளேட்டில் வெள்ளை எழுத்தாகக் கடைசியாக அதை எழுதினாள். சந்தோஷத்தில் கை தன்பாட்டில் எழுதிவிட்டது. தமிழ் ஸ்ரீ. முன்னாலும் பின்னாலும்.

"செக் பொயின்ட்ல இதக் கண்டா என்னா நெனப்பான்?" ஸுபைதாவின் குரல் காற்றாகிவிட்டது. கிழக்கில் சண்டை முடிந்து வடக்கில் மூண்டிருந்த வருஷம் அது. சந்தேகப்படத் தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டையே போதும். அதற்கு மேல் இது வேறு.

"பெயின்ட் கொண்டு வந்தியா?" என்று கேட்டாள் மார்ஜரி.

"ஓ, பஸ்ஸுல பெயின்ட் கடை போட வந்தேன்."

விடியற்காலை மழையில் நடந்துவந்த மார்ஜரியின் செருப்படியில் தோட்டத்துச் செம்மண் அப்பியிருந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தார்கள். ஸுபைதா முக்காட்டு ஊசியைக் கழற்றினாள். மார்ஜரி எச்சில் தொட்டு மண்ணைக் குழைத்து, ஊசி முனையால் இரண்டு பிளேட்டின் மேலும் தீற்றினாள். பிளேட்டில் மட்டும் சேறு இருந்தால் களவு தெரியுமே? மட்கார்டுக்கும் டயருக்கும் கொஞ்சம் தெறித்துவிட்டாள். பஸ் குலுங்கிய குலுக்கலில் கூரையிலும் ஒரு பொட்டு விழுந்தது.

செக் பொயின்டில் எல்லோரையும் இறக்கினார்கள். பெட்டியைத் திறந்த ஆமிக்காரனுக்கு அவர்களுடைய வயதுதான் இருக்கும். காரைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"மொரிஸ் மைனர்" என்றான். பிறகு குனிந்து பார்த்துவிட்டு, தங்கச்சி முறை வைத்துச் சிங்களத்தில், "நம்பர் தெரியவில்லையே, நங்கி. தண்டம் அடிக்க வேண்டும்" என்று பெருவிரலைப் பிளேட்டுப் பக்கம் கொண்டுபோனான்.

ஸுபைதா மார்ஜரியின் கையைப் பிடித்த பிடியில் நகம் இறங்கியது. பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். ஆமிக்காரன் சிரித்துக்கொண்டே பெட்டியை மூடிக் கொடுத்தான்.

மண்டபத்தில் எக்கநாயக்க பூதக்கண்ணாடியோடு காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். சேற்றைப் பார்த்துத்தான் அவருக்குப் பெரிய ஆச்சரியம். இவ்வளவு அசலாகச் சேறு வைக்க எவருக்கும் வராது என்று பக்கத்து நடுவரிடம் சொன்னார். மார்ஜரிக்கு நெஞ்சு துள்ளியது.

பிறகு அவர் கண்ணாடியை இறக்கினார். "மகள், மறுபடியும் கண்டிக்காரரிடம்தானே வாங்கினீர்கள்?"

அவளுக்குச் சுருக்கென்று ஏறியது. ஸுபைதா, "மார்ஜரி, வேணாம்" என்று முணுமுணுத்ததைக் கேட்டாள். கேட்டும் கேட்காதவளாக விரலை நாக்கில் நனைத்து, பிளேட்டின் சேற்றை வழித்தாள்.

"இதைப் பாருங்க சார்" என்றாள் சிங்களத்தில்.

எக்கநாயக்க குனிந்தார். பக்கத்து நடுவரும் குனிந்தார்.

"இது பிழை" என்றார் எக்கநாயக்க.

"பிழைதான். அவசரத்துல என் கை விட்ட பிழை. கண்டிக்காரர் ஒரு சிங்கள ஐயா. எவ்வளவு அவசரமா இருந்தாலும் அவர் கை இப்பிடி எழுதுமா?"

பக்கத்து நடுவருக்குச் சிரிப்பு வெடித்தது. எக்கநாயக்க சிரிக்கவில்லை. காதுமடல் சிவக்க, மறுபடி பூதக்கண்ணாடியை வைத்து, அந்த எழுத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு மேசையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"பெயர்?"

"மார்ஜரி ரபாயேல்."

எழுதி முடித்துவிட்டு, இங்கே பெயின்டும் பிரஷ்ஷும் இருக்கின்றன, இப்போதே திருத்தினால் மார்க் வெட்டமாட்டேன் என்றார். அவள் பிரஷ்ஷைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். அதைத் திருத்தினால் அத்தாட்சி போய்விடும்.

"மார்க்க வெட்டுங்க சார். பேர வெட்டாதீங்க."

வெட்டினார். இரண்டாமிடம் வந்தது. முதலிடம் கண்டிக்காரருக்கே போனதில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த மனிதரே அவளைத் தேடி வந்து பம்பருக்கு என்ன ஒட்டினீர்கள் என்று கேட்டபோது, சொல்லாமலே விட்டுவிட்டாள். சிரிப்பை அடக்கத்தான் முடியவில்லை.

கார்கள் மண்டபத்திலேயே மறுநாளும் காட்சிக்கு இருக்க வேண்டுமாம். வெறும் பெட்டியோடு திரும்பினார்கள். செக் பொயின்டில் அதே ஆமிக்காரன். பெட்டியைத் திறந்து பஞ்சைக் கிளறினான்.

"கார் எங்கே, நங்கி?"

"மண்டபத்துல. ரெண்டாமிடம்" என்றாள் மார்ஜரி. வாய் நிற்கவில்லை. "என் பேர் போட்டு வச்சிருக்காங்க. நாளைக்குப் போய்ப் பாருங்க."

நாளைக்கு லீவு, கட்டாயம் போகிறேன் என்றான் அவன்.

பஸ் கிளம்பியதும் ஸுபைதா அவள் தொடையில் ஓங்கிக் கிள்ளினாள். "பைத்தியமாடி ஒனக்கு? சேத்த வழிச்சிட்டு வந்திருக்க. அவன் போனா எழுத்தப் பாப்பானே."

"பாக்கட்டும். பக்கத்துலதானே பேரும் இருக்கு."

ஸுபைதா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு, "அடுத்த முறை லொறி செய்வோம், என்னா?" என்றாள்.