மாற்றிப் பூட்டிய புரொப்பெல்லர்

பொனசோலா வீட்டார் நல்லதை மகனுக்கு எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் ஊருக்கு விற்கிறார்கள் என்ற பேச்சு, அந்த வசந்தகாலத்தில் கோமோ ஏரியின் எதிர்க்கரையில் கிளம்பி எங்கள் கரைக்கு வந்து சேர்ந்தது. முதலில் காப்பிக்கடையில் கேட்டேன். அப்புறம் ரொட்டிக்கடையில். கடைசியில் சர்ச் வாசலிலேயே ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்லக் கேட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குப் பூசையில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

நாங்கள்தான் அந்தப் பொனசோலா வீட்டார், பந்தயப் படகுகளைத் தண்ணீருக்கடியில் சுழன்று தள்ளுகிற புரொப்பெல்லர் செய்கிறவர்கள். என் அப்பா எஜீதியோ வெண்கலத்தை வார்ப்பார், கடைவார். இறக்கைகளைச் சுத்தியலால் தட்டி வளைத்து வடிவுக்குக் கொண்டுவருவது நான், எர்சிலியா. என் தம்பி துல்லியோ எங்கள் படகை ஓட்டுவான். அவன் ஜெயித்துக்கொண்டே இருந்தான், அதுதான் வினையாகப் போயிற்று. தோற்ற ஒருவனும் தன் கையைக் குறை சொல்லவில்லை. எல்லோரும் எங்கள் பட்டறையைத்தான் சொன்னார்கள்.

அப்பாவே பந்தயக்காரராக இருந்து பட்டறைக்காரர் ஆனவர். கடையில் வாங்கிய புரொப்பெல்லர் நடு ஏரியில் இறக்கையை உதிர்த்துவிட, பாதிரியாரின் மீன்படகு அவரைக் கட்டி இழுத்துக் கரை சேர்த்தது. ஊரே சிரித்தது. அந்த ரோஷத்தில், அம்மா சீதனமாகக் கொண்டுவந்த வெண்கல உரலை உருக்கித் தன் முதல் புரொப்பெல்லரை வார்த்தார். அதைப் போட்டு ஜெயித்தும் விட்டார். அம்மா அந்த உரலுக்காக இன்றுவரை அவரை மன்னிக்கவில்லை.

அவரிடம் தோற்றவர்கள் மறுவாரமே வாசலில் வந்து நின்றார்கள். அவர்களில் ஒருவரையும் அப்பா திருப்பி அனுப்பவில்லை. யார் வந்தாலும், நம்மை ஜெயிக்க வந்தவனாகவே இருந்தாலும், அவனுக்கு நம்மால் முடிந்ததிலேயே நல்லது. இது எங்கள் வீட்டுச் சட்டம். வந்தவன் படகை எடுத்துக்கொண்டு எங்கள் படித்துறைக்கு எதிரே திரும்பிக் காட்ட வேண்டும். அவன் திரும்புகிற லட்சணத்தைப் பார்க்காமல் நான் சுத்தியலைத் தொடமாட்டேன்.

இப்படி வேலை செய்கிற எங்களைப் பார்த்துத்தான் மிச்சத்தை விற்கிறார்கள் என்றார்கள். எங்கள் பெயர் அடிபட்டால் எங்களிடம் வேறு என்ன இருக்கிறது?

ஜூன் மாதக் கோப்பைப் பந்தயத்தன்று விடிந்ததும் படகுகளெல்லாம் துறையில் வரிசையாக நின்றன. பந்தயக்காரர்கள் புரொப்பெல்லரைத் துணியால் மூடித்தான் வைப்பார்கள். அதன் வளைவை அடுத்தவன் கண்ணால் அளந்துவிடுவான் என்று பயம். பெண்டாட்டியைக்கூட அப்படி ஒளித்து வைக்கமாட்டார்கள்.

ஒரெஸ்தே தன் மனைவி இர்மாவோடு வந்திருந்தார். போ என்கிற ஆற்றின் கரைக்காரர். நல்ல கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த படகு. திருப்பத்தில் வேகத்தைக் குறைக்கவே தெரியாத மனிதர். அவருக்கும் நான்தான் புரொப்பெல்லர் செய்தேன். அவர் குணத்துக்கு ஈடுகொடுக்கிற மாதிரி செய்வதற்குள் என் தோள்பட்டை கழன்றுவிட்டது.

இர்மா எங்கள் படகைக் கடந்து போகும்போது, துறை முழுக்கக் கேட்கிற குரலில் புருஷனிடம் சொன்னாள்.

"அவங்க வீட்டுப் பையனுக்குப் பூட்டுறது ஒண்ணு, நமக்குப் பொட்டலம் கட்டிக் குடுக்குறது ஒண்ணு. இது தெரியாம நீங்க வேற வருஷா வருஷம் வந்து நிக்கிறீங்க."

எனக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ. எங்கள் படகின் பின்பக்கம் போய்த் துணியை உருவி எறிந்தேன்.

"வாங்க, எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க" என்றேன். "ஒரெஸ்தே, இதைக் கழட்டி உங்க படகுல பூட்டிக்குங்க. உங்களுத எங்க துல்லியோ பூட்டி ஓட்டுவான். பந்தயம் முடிஞ்சதும் எது வேணுமோ அதை நீங்களே வெச்சுக்கலாம்."

எல்லாம் ஒரே வகுப்புப் படகுகள், ஒரே என்ஜின், புரொப்பெல்லர் பூட்டுகிற தண்டின் அளவும் ஒன்றுதான். மாற்றிப் பூட்டத் தடை எதுவும் கிடையாது.

"வெளையாடுறியா?" என்றார் ஒரெஸ்தே.

"வெளையாடுற மூஞ்சியா இது?"

இர்மா அவர் முழங்கையில் இடித்தாள். "கழட்டுங்க, கழட்டுங்க. அவங்களே குடுக்குறப்ப என்ன யோசனை?"

அப்பா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனார்.

"அவன் ஜெயிச்சுட்டா என்ன ஆகும்னு யோசிச்சியாடி?"

யோசிக்கவில்லை. அவர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. துல்லியோவின் புரொப்பெல்லரை வைத்து ஒரெஸ்தே ஜெயித்தால், ஊர் பேசினதெல்லாம் உண்மை என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு நாங்கள் ஆயிரம் விளக்கம் சொன்னாலும் ஒருவன் நம்பமாட்டான்.

"சொல்லியாச்சு" என்றேன். "இனி மாத்திப் பேச மாட்டேன்."

"உன் வாயி இருக்கே" என்று சொல்லிவிட்டு அப்பா போனார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

துல்லியோ மட்டும் ஸ்பேனரைச் சுழற்றிக்கொண்டே சிரித்தான். "அக்கா, என் கல்யாணத்துல பொண்ணையாவது மாத்தாம விடுவியா?" சிரித்தானே தவிர, முடுக்கிய நட்டையே இன்னொரு முறை முடுக்கினான். அவன் மானமும் அதில்தானே இருந்தது.

முதல் ஓட்டம் காலையில், கண்ணாடி மாதிரி கிடந்த தண்ணீரில். கொடி இறங்கியதுமே ஒரெஸ்தேயின் படகு பாய்ந்தது பாருங்கள், அதைப் போல அவர் படகு அதுவரை பாய்ந்ததே இல்லை. நேர்ப்பாதையில் அவரை ஒருவரும் நெருங்க முடியவில்லை. துல்லியோ திருப்பத்தில் கொஞ்சம் பிடிப்பான், நேரே வந்ததும் விட்டுவிடுவான். கடைசியில் வெகுதூரம் பின்தங்கித்தான் வந்தான்.

இர்மா கையிலிருந்த கடிகாரத்தை உயர்த்தி எல்லோருக்கும் காட்டினாள். "நான் சொன்னேனா, இல்லையா?" என்று கேட்டாள். எனக்குப் பின்னால் நின்ற ஒருவன், "எர்சிலியா, நாளைக்குப் பட்டறை தெறப்பீங்களா?" என்றான். திரும்பி அவன் பல்லைத் தட்டியிருப்பேன், துல்லியோ வந்துவிட்டான்.

"திருப்பத்துல ஆணி அடிச்ச மாதிரி நிக்குதுக்கா. நேரா வந்தா பீரோவைக் கட்டி இழுக்குற மாதிரி இருக்கு" என்றான்.

அப்படித்தான் இருக்கும். ஒரெஸ்தே திருப்பத்தில் முழு வேகத்தோடு மோதுகிறவர். அவருடைய கனத்த படகு வழுக்காமல் தண்ணீரைக் கவ்வ வேண்டும் என்று இறக்கையின் பின்விளிம்பை நன்றாக மடித்துவிட்டிருந்தேன். அதனால் நேர்ப்பாதையில் கொஞ்சம் வேகம் போகும். துல்லியோவுக்கு அந்த மடிப்பு தேவையில்லை. அவன் திருப்பத்தில் வேகத்தைத் தணித்து, தண்ணீரைக் கெஞ்சிக்கொண்டு போகிறவன்.

நடுப்பகலில் பிரேவா என்கிற ஏரிக்காற்று எழுந்தது. தெற்கிலிருந்து அலை மேல் அலையாக வந்தது. நான் ஒரெஸ்தேயிடம் போனேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை.

"ஒரெஸ்தே, அலையில அந்தப் புரொப்பெல்லர் உங்க கனத்துக்குத் தண்ணியக் கவ்வாது. திருப்பத்துல விட்டுடும். வேகத்தைக் குறைச்சுத் திரும்புங்க."

"ஜெயிச்சுட்டு உக்காந்திருக்கேன், எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியா?" என்றார்.

"உங்க உசுருக்குச் சொல்றேன். கேட்டா கேளுங்க, கேக்காட்டிப் போங்க."

இரண்டாம் ஓட்டத்தில், சுற்றித் திரும்ப வேண்டிய முதல் மிதவையிலேயே தெரிந்துவிட்டது. ஒரெஸ்தே வழக்கம்போல முழு வேகத்தோடு திரும்பினார். புரொப்பெல்லர் தண்ணீரை விட்டுவிட்டது. என்ஜின் அலறியது, படகு பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போயிற்று. பக்கத்தில் நின்ற இர்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். யார் கை என்றுகூட அவள் பார்க்கவில்லை. நானும் விடுவித்துக்கொள்ளவில்லை.

படகு நிமிர்ந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மிதவையிலும் அந்த மனிதர் வேகத்தைக் குறைத்து, வழுக்குப் பாறைமேல் நடக்கிற மாதிரி திரும்பினார். துல்லியோ அவரைத் தாண்டிப்போனான். அவன் படகுக்கு அடியில் நான் தட்டிய அந்த மடிப்பு அலையைக் கவ்விக்கொண்டு போனதைப் பார்க்க வேண்டுமே. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அவன்தான் முதலாவதாக வந்தான்.

ஆனால் கோப்பையை இரண்டு ஓட்டத்தின் நேரத்தையும் கூட்டித்தான் கொடுப்பார்கள். முதல் ஓட்டத்தில் ஒரெஸ்தே மிச்சம் பிடித்திருந்த நேரம் அதிகம். கோப்பை அவருக்குப் போயிற்று.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். துல்லியோவின் புரொப்பெல்லர், ஒரெஸ்தேயின் கையில் கோப்பை. அதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? ஆட்கள் எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். அப்பா கருவிகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். அவர் அப்படித் தலையைக் குனிந்துகொண்டு அடுக்கியதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரெஸ்தே மேடையிலிருந்து இறங்கி நேராக எங்களிடம் வந்தார். ஒரு கையில் கோப்பை, இன்னொரு கையில் தண்ணீர் சொட்டச் சொட்டத் துல்லியோவின் புரொப்பெல்லர். கூட்டம் பின்னாலேயே வந்தது. புரொப்பெல்லரைத் துறையில் போட்டிருந்த எங்கள் மேசைமேல் வைத்தார்.

"இந்தா, உன் தம்பியோடது. என்னுதக் குடு."

எனக்குப் புரியவில்லை. "வெச்சுக்கலாம்னு சொன்னேன். சொன்ன சொல்லு சொல்லுதான். வெச்சுக்குங்க" என்றேன்.

"எதுக்கு? சாகுறதுக்கா?" என்றார். "காலையில தண்ணி சும்மா கெடந்துது, ஓடிடுச்சு. மத்தியானம் ஒவ்வொரு மிதவையிலயும் எனக்கு உசுரு போயி வந்துது. என்னுது இருந்திருந்தா ரெண்டாவது ஓட்டத்தையும் நான்தான் ஜெயிச்சிருப்பேன். இத்தனை வருஷமா அந்தத் திருப்பமெல்லாம் என் தெறமைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"இது துல்லியோவோடதாச்சே, ஒசத்தி இல்லையா?" என்று பின்னாலிருந்து ஒருவன் இழுத்தான்.

"ஒசத்திதான், அவனுக்கு" என்றார் ஒரெஸ்தே. "அவன் சட்டையைக்கூடத்தான் நான் போட முடியாது. அதுக்குத் தையக்காரனையா திட்டுவ?"

துல்லியோவுக்கு வாய் சும்மா இருக்குமா? "நான் குடுக்க மாட்டேன் மாமா. அலையில சுகமா இருக்கு. நானே வெச்சுக்கறேன்."

"கழட்டுடா" என்று ஒரெஸ்தே பாய்ந்தார். அவன் கழற்றும்வரை பொறுக்காமல் தானே எங்கள் படகுக்குப் பின்னால் மண்டியிட்டுக் குனிந்தார். காலையிலிருந்து வாய் திறக்காத அப்பா, பெட்டியைத் திறந்து ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

இர்மா என் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னைப் பொண்ணு கேட்டு வந்தப்பகூட இந்த மனுஷன் இப்படி மண்டி போடல" என்றாள்.

ஒரெஸ்தே தன் புரொப்பெல்லரைக் கழற்றி, ஒவ்வொரு இறக்கையையும் கட்டைவிரலால் தடவி, துல்லியோ எங்கேயாவது கீறிவிட்டானா என்று பார்த்தார். பிறகு எழுந்து, சட்டையிலேயே அதைத் துடைத்து, கூட்டத்தின் முன்னால் தூக்கிக் காட்டினார்.

"இது எனக்குன்னு செஞ்சது" என்றார்.