பத்தாவது புகை

பயிற்சி ஆசிரியர் ரங்கநாதன் கையை நீட்டி த்ராட்டிலைப் பின்னுக்கு இழுத்தார். ஒரு மணி நேரமாகக் காதை அடைத்திருந்த இரைச்சல் அடங்கி, இறக்கையில் காற்று சீறுவது மட்டும் கேட்டது.

"எஞ்சின் போச்சுப்பா. எங்க எறக்குவே, சொல்லு."

பாடம்தான் என்று சந்திரநாதனுக்குத் தெரியும். மீனம்பாக்கத்துப் பயிற்சி விமானங்கள் இப்படி ஏதாவது ஒரு பொட்டலைக் குறிவைத்து இறங்கி, தரையைத் தொடுமுன் மேலேறிவிடும். ஆனால் இன்று கீழே கிடந்தது செஞ்சி. மூன்று மலைகள், கோட்டைச் சுவர், சித்திரையில் வற்றி வெடித்த ஏரி. ஏரியை ஒட்டி அவன் பிறந்த தெரு.

"ஏரி, சார்."

"காத்து எந்தப் பக்கம்?"

புகையைத் தேடினான். மற்ற தெருக்களில் உலை வைக்க இன்னும் நேரமிருந்தது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடும் ஜைனர் தெருவில் மட்டும் ஓட்டுக்கூரைகளில் புகை எழுந்தது. ஒன்பது புகை, ஒன்பதும் மேற்கே சாய்ந்திருந்தன. பத்தாவது கூரையில் ஒன்றுமில்லை. அது அவன் வீடு.

"கிழக்கேயிருந்து வருது, சார்."

சீனச் சண்டை முடிந்த மறு வருஷம் அவன் விமானம் ஓட்டக் கற்கக் கிளம்பினான். "நாளைக்குக் குண்டு போடச் சொல்லுவான். எறும்புக்கு வழி விட்டு நடக்கற வீடு இது. குண்டு போடற கைக்கு இங்க சோறு இல்ல" என்றார் நைனா அப்பாண்டைராஜ். அம்மா மருதேவியோ, மகன் வந்து சாப்பிட உட்காரும்வரை மாலையில் அடுப்பு மூட்டுவதில்லை என்று விரதம் எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் பகல் ஒருவேளைதான். நைனாவுக்கு மாலையிலும் மத்தியானச் சோறு. தங்கை எழுதித்தான் இது தெரியும். 'சனிக்கிழமை சாயங்காலம் செஞ்சி மேலே வருவேன், அம்மாவிடம் சொல்' என்று பதில் போட்டிருந்தான்.

மூக்கைத் தாழ்த்தி வேகத்தை அறுபது மைலில் நிறுத்தினான். காற்றுக்கு எதிராகத் திரும்பியதும் ராஜகிரி மலை முதுகுக்குப் பின்னால் போனது. உயரம் அதிகமாகப் படவே, ஓர் இறக்கையைச் சாய்த்து விமானத்தைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டான். ஐந்நூறு அடி. முந்நூறு. ஆடுகள் சிதறின. வெடிப்புகளுக்கு நடுவே மாட்டுவண்டித் தடம் ஒன்று நேராக ஓடியது. சக்கரம் வைக்க அது போதும். ஐந்து நிமிஷ நடை. வாசலில் செம்புத் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடலாம். லைசென்ஸ் போகும். போனால் என்ன?

"நூறடி. போதும், ஏத்து."

கை த்ராட்டிலில்தான் இருந்தது. தள்ளவில்லை.

"எங்க வீடு சார் அது."

"தெரியும்பா. வந்ததிலேர்ந்து அங்கியேதான் பாக்குற." ரங்கநாதன் குரல் உயரவில்லை. "எறங்கிட்டா நீ மறுபடி ஏற மாட்டே. ஏத்து."

தள்ளினான். எஞ்சின் அலறியது. ஏரிக்கரை காலடியில் நழுவ, இடப்பக்கம் திரும்பித் தெருவுக்கு மேலே வந்தான்.

பத்தாவது கூரையில் புகை. அவசரத்தில் மூட்டிய, ஈரவிறகின் கறுத்த புகை. இரைச்சல் நின்று விமானம் ஏரிக்குள் இறங்கியதை அம்மா கேட்டிருப்பாள். 'மேலே' என்பதை விட்டுவிட்டு, 'வருவேன்' என்பதை மட்டும் இத்தனை நாள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வாசலில் ஒரு வெள்ளை வேட்டி ஏரியைப் பார்த்து நின்றது. நைனாதான். மேலே ஏற ஏற அந்த உருவம் சிறுத்து மறைந்தது. கையிலிருந்த செம்பு மட்டும், சாய்ந்த வெயில் பட்டு, வெகுதூரம் வரை மின்னிக்கொண்டிருந்தது.