மஞ்சள் வைத்த பத்து உறைகள்

கல்யாணப் பத்திரிகைக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவது நம் வழக்கம்தான். அதற்காகத் தபால்தலைக் கண்காட்சிக்குப் போகிற உறைகளுக்குமா தடவுவார்கள்? மலேசியாவில் டுரியான் துங்கால் ஊர் லாரி ஓட்டுநர் தனபாலன் தடவிவிட்டார். காலையில் மனைவி திலகவதி சாமி மேடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போன நேரம், பத்து உறைக்கும் மஞ்சளைக் குழைத்து வைத்தாயிற்று.

ஆசியான் நாடுகள் ஒரே சந்தையாகச் சேர்ந்த சமயத்தில் பத்து நாடுகளும் ஒரே படத்தோடு வெளியிட்ட தபால்தலைகள் ஒட்டிய உறைகள் அவை. பக்கத்துச் செங் ஊர்த் தொழிற்சாலையில் ஒயர் சோதிக்கும் திலகவதி, முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் எழுதிக் கேட்டு, ஒவ்வொரு நாட்டிலிருந்தும் தன் பெயருக்கே ஓர் உறையை வரவழைத்திருந்தாள். லாவோஸ் மட்டும் ஏழு மாதம் இழுத்தடித்தது. இன்றுதான் மலாக்காவில் முதல் போட்டி. கறை இருந்தால் மதிப்பெண் போச்சு.

"எந்த மனுஷனாச்சும் ஸ்டாம்புக்கு மஞ்ச வைப்பானா?" கத்தும்போதே அவளுக்கு அழுகை வந்தது.

"பத்து நாடு ஒண்ணா சேருற விசயம். சம்பந்தம் மாதிரிதானேன்னு வச்சிட்டேன்," என்றார் தனபாலன், சுவரைப் பார்த்து.

போட்டி மண்டபத்தில், மஸ்ஜித் தானா ஊரிலிருந்து வந்திருந்த சுரேன் விஷயத்தைக் கேட்டுப் பதறினான். அவனும் சேகரிப்பவன்தான். "அக்கா, என்கிட்ட கிளீன் செட் இருக்கு. அத மாட்டிடுங்க, யாருக்கும் தெரியாது லா."

அவன் நீட்டிய உறைகள் பளிச்சென்று இருந்தன. ஒன்றில்கூட முகவரி இல்லை. கடையில் மொத்தமாக வாங்கியவை.

"நல்ல மனசு தம்பி உனக்கு. ஆனா இது எனக்கு வந்த கடுதாசி. இதத்தான் மாட்டுவேன்."

காட்சிச் சட்டத்தில் மாட்டினாள். புது உறவு தொடங்கும்போது நாங்கள் மஞ்சள் வைப்போம் என்று மலாயில் ஒரு சீட்டெழுதிக் கீழே ஒட்டினாள்.

நடுவர் சீட்டை இரண்டு முறை படித்தார், சிரித்தார், மதிப்பெண்ணையும் குறைத்தார். பதக்கம் இல்லை.

தனபாலன் தூண் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். திலகவதி விடுவாளா? கையைப் பிடித்து இழுத்து வந்து சட்டத்தின் முன் நிறுத்தி, போனை சுரேனிடம் நீட்டினாள்.

"நேரா நில்லுங்க. கொஞ்சம் தள்ளி லா, என் பேரு மறையுது!"