இருபத்தைந்துக்கு இரண்டு

கிடங்கில் எல்லோரும் அவரைக் கிரேன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பது கிலோ மாவு மூட்டையை அலுங்காமல் தோளில் ஏற்றி லாரிக்குக் கொண்டுபோகிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பது? அந்தக் கிரேனுக்கு இரண்டு வருடமாக முதுகு சரியில்லை. தெரிந்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் மனுஷன் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மூட்டை தூக்குவதில் என்னென்ன ஆபத்து என்று பார்த்து மதிப்பெண் போட ஒரு பாதுகாப்பு அதிகாரி வருகிறார் என்று மேனேஜர் சொன்னார். கிரேனின் காதில் விழுந்தது மதிப்பெண் மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் அவரைத் திரும்பிப் பார்க்காத சங்கதி. விடுவாரா? தன் ஆட்கள் ஆறு பேரையும் நிறுத்தி ஒரு வாரம் ஒத்திகை பார்த்தார். முழங்காலை மடக்கு, முதுகை நிமிர்த்து, மூட்டைக்கு இரண்டு பேர். சுவரில் வருடக்கணக்காகத் தொங்கிய பாதுகாப்புப் படத்தை அப்போதுதான் எல்லோரும் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

வந்தவர் சின்னப் பெண். ஒரு மணி நேரம் நின்று பார்த்தார்.

"தினமும் இப்படித்தானா அண்ணே?"

"பின்ன? பரம்பரையே இப்படித்தான் மேடம்."

"வலி, பிடிப்பு ஏதாவது?"

"யாருக்கு, எங்களுக்கா!"

அவர் எழுதினார். கிரேன் எட்டிப் பார்த்தார். இருபத்தைந்துக்கு இரண்டு. முகம் தொங்கிப்போய்விட்டது.

"என்ன மேடம் அநியாயம்! ரெண்டு மார்க்குக்கா ஒரு வாரம் உசுரக் குடுத்தோம்?"

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தார். "அண்ணே, இது ஆபத்துக்குப் போடற மார்க். குறைஞ்சாதான் நல்லது. பதினஞ்சுக்கு மேல போனா மூட்டை தூக்க மெஷின் வாங்கச் சொல்லி எழுதுவேன். உங்களுக்குத்தான் தேவையே இல்லையே."

"மெஷின் வந்தா நாங்க எங்க போறது?"

"அதை ஓட்ட ஆள் வேணாமா? வேலையை மாத்தச் சொல்லித்தான் எழுதுவேன். ஆளை இல்ல."

சொல்லிவிட்டுப் பேனாவை மூடப் போனார். கிரேன் மனசுக்குள் கணக்குப் போட்டார். முதுகைச் சொன்னால் பெயர் போகும். சொல்லாவிட்டால் மெஷின் போகும்.

"மூடாதீங்க மேடம். அத்தனையும் நடிப்பு. மூட்டைக்கு ஒரே ஆள்தான், தோள்லதான். எனக்கு முதுகு போயி ரெண்டு வருஷமாச்சு. எம் பொண்டாட்டிகிட்டகூட சொல்லல."

சொல்லி முடித்ததும் கண் கலங்கியது. வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. பின்னால் ஒருவன், "எனக்குத் தோள்பட்டை," என்றான். இன்னொருவன் முழங்கால் என்றான். அப்புறம் யாரையும் பிடிக்க முடியவில்லை. இதுவரை வெளியே சொல்லாத வலியெல்லாம் காகிதத்தில் ஏறியது. அதிகாரி இன்னொரு தாள் எடுத்தார். மதிப்பெண் இருபதில் வந்து நின்றது.

கிரேன் வெளியே ஓடிவந்து வீட்டுக்குப் போன் போட்டார். நடந்ததை மூச்சுவிடாமல் கொட்டினார். முதுகு விஷயத்தில் மட்டும் குரல் இறங்கியது.

"உங்கிட்ட மறைச்சுட்டேன். கோவிச்சுக்காத."

"அப்பாடா," என்றாள் மனைவி. "தெரியாத மாதிரி நடிச்சு நடிச்சு எனக்கு ரெண்டு வருஷமா தூக்கமே இல்லைங்க."