கடைசியாக முழங்காலிட்டவள்

மருதுவை அடக்கம் பண்ணின பத்தாம் நாள் தங்கப்பொண்ணு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போனாள். திருமங்கலத்தில் பஞ்சுக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன ஆலயத்தைப் பெருக்குவதும், திருவிருந்து மேசையின் வெள்ளை விரிப்பைத் துவைத்து நீலம் போட்டு மடித்து வைப்பதும் எட்டு வருஷமாக அவள் வேலை. கதவு பூட்டியிருந்தது. பூட்டு புதுசு. அவள் முந்தானையில் முடிந்திருந்த சாவி அதற்குச் சேரவில்லை.

சபைக் கமிட்டிச் செயலாளர் பாக்கியநாதன் வீட்டுக்குப் போய்க் கேட்டாள். அவர் வாசல்படியில் நின்றுகொண்டே பேசினார்.

"கொஞ்ச நாளைக்கி நீ ஓய்வா இரு தங்கச்சி. துக்கம் நடந்த ஒடம்பு."

"ஒடம்பு நல்லாத்தான இருக்கு அண்ணே. வேலை செஞ்சாத்தான் எனக்கு மனசு நிக்கும்."

"விரிப்பு, பாத்திரம் எல்லாம் இனிமே எங்க வீட்டுலயே பாத்துக்கிருவாக." அதைச் சொல்லும்போது அவர் அவள் கைகளைப் பார்த்தார். அப்போதுதான் ஊருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

மருது லாரி ஓட்டினவன். பஞ்சு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் வீடு திரும்ப இருபது நாள் ஆகும். அவளைக் கட்டுவதற்காகவே ஞானஸ்நானம் எடுத்தவன். ஊரிலிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்குவான். ஒன்றரை வருஷமாக இருமலும் பேதியுமாகக் கிடந்து, சட்டை தொங்கும் கம்பி மாதிரி ஆகிப்போனான். மதுரையில் ஆஸ்பத்திரிப் பெண் டாக்டர் ஒருவர் கதவைச் சாத்திவிட்டு நோயின் பேரைச் சொன்னார். பிறகு அவளுக்கும் பிள்ளைக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து அதே டாக்டர் சொன்னார்.

"உங்களுக்கும் இருக்கும்மா. பிள்ளைக்கு இல்லை."

அந்த இரண்டு வாக்கியங்களில் இரண்டாவதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தங்கப்பொண்ணு வீட்டுக்கு வந்தாள். அது 1998. மருந்து வெளிநாட்டில் இருக்கிறது, நமக்கு எட்டாது, சத்தாகச் சாப்பிடுங்கள், காய்ச்சல் வந்தால் உடனே வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகள் தமிழ்வாணிக்கு அப்போது ஏழு வயது. அவளிடமும் யாரிடமும் தங்கப்பொண்ணு வாய் திறக்கவில்லை. ஆனால் மருதுவோடு லாரி ஓட்டின இன்னொரு டிரைவரும் அதே மாதிரி உருகிப் படுத்திருந்தான். ஊர் இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டது.

மருதுவின் அக்கா மாயக்காள் இரண்டு தெரு தள்ளி இருந்தாள். சாமி மாறாதவள். தம்பி மாறினதை மன்னிக்காதவள். ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுத் திட்டினாள்.

"எந்தம்பிய அந்தக் கோயிலுக்கு இழுத்துட்டுப் போனியே, ஒங்க சாமி அவனுக்கு என்னத்தச் செஞ்சுச்சு? ஒனக்கு என்னத்தச் செய்யப்போகுது?"

"தெரியல மதினி."

"தெரியலன்னா பெறகு எதுக்குடி போற?"

மதினி போன பிறகு கஞ்சியை உள்ளே எடுத்து வைத்தாள். தினமும் விடிந்ததும் அடுப்படியில் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, இந்த ஒரு நாளு" என்று கேட்பாள். அதற்கு மேல் கேட்கப் பயமாக இருந்தது. சுகம் கேட்டு ஒருதரம் வாயெடுத்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். கொடுக்காமல் போனால் அவரோடு எப்படிப் பேசுவது என்று இருந்தது.

அந்த மாதம் முதல் ஞாயிறு நெருங்கியது. அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து நாள். எல்லாரும் வாய் வைத்துக் குடிப்பது ஒரே வெள்ளிப் பாத்திரம், ஒரே விளிம்பு. சனிக்கிழமை மத்தியானம் சபை ஆயர் சைக்கிளில் வந்தார். இளம் வயதுக்காரர், நல்ல மனுஷர், மருதுவைச் சாகும்வரை வந்து பார்த்தவர். உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். மாயக்காள்கூட அவ்வளவு தூரம் உள்ளே வந்ததில்லை.

"அம்மா, முடியாதவங்களுக்கு வீட்டுலயே வந்து குடுக்கிறது வழக்கந்தான். ஒங்களுக்கும் நான் இங்க வந்து தர்றனே?"

"எனக்கு முடியாம இல்லையே ஐயா."

அவர் தலைகுனிந்தார். "பாத்திரத்துல ஒட்டாதுன்னு நான் எடுத்துச் சொல்லிட்டேன். டாக்டரையும் கேட்டுச் சொன்னேன். கமிட்டி கேக்க மாட்டேங்குது. நாப்பது குடும்பம் எந்திரிச்சுப் போயிருவோம்னு சொல்றாக."

தங்கப்பொண்ணு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நான் கடைசியா வாரேன் ஐயா. எல்லாரும் குடிச்ச பெறகு வாரேன். எனக்கப்புறம் ஒருத்தருக்கும் பயமில்லைல்ல?"

ஆயருக்கு முகம் தெளிந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று இரண்டு பேருமே நினைத்தார்கள்.

மறுநாள் வரிசை வரிசையாக எல்லாரும் போய்ப் பீடத்துக் கிராதியில் முழங்காலிட்டு எழுந்து வந்தார்கள். ஆலயம் முழுக்க உட்கார்ந்த பிறகு தங்கப்பொண்ணு எழுந்தாள். அவ்வளவு நீளமான ஆலயம் அது என்று அவள் அன்றைக்குத்தான் அறிந்தாள். பத்துப் பேர் முழங்காலிடும் கிராதியில் ஒற்றையாளாக முழங்காலிட்டாள். ஆயர் அப்பத்தைக் கொடுத்தார். பாத்திரத்தைக் கொடுத்தார். குடித்தாள். எழுந்து தன் இடத்துக்கு வந்தாள்.

அதன் பிறகுதான் இரண்டு பேரும் மறந்துபோன ஒன்று வந்து நின்றது. பாத்திரத்தில் மீந்திருக்கும் திராட்சரசத்தை ஆயர் குடித்து முடிக்க வேண்டும் என்பது ஒழுங்கு. மாதாமாதம் சபை கவனிக்காத காரியம் அது. அன்றைக்கு ஒரு பிள்ளைகூட அசையவில்லை.

ஆயர் பாத்திரத்தை இரண்டு கையாலும் எடுத்தார். வாய்வரை கொண்டுபோனார். அங்கேயே நின்றார். குடித்துவிடட்டும் என்று தங்கப்பொண்ணு ஜெபிக்கவில்லை. சீக்கிரம் கீழே வைத்துவிடட்டும் என்று ஜெபித்தாள். கடைசியில் பாத்திரத்தை வைத்து அதன்மேல் துணியை மூடினார். ஆராதனை முடிந்ததும் பின்பக்கம் போய் வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தார்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்தார். பிறகு அழுதார்.

"எனக்குத் தெரியும்மா, ஒண்ணும் வராதுன்னு. படிச்சிருக்கேன். ஆனா வாய்கிட்டக்க வந்ததும் எம்பிள்ளை மொகம் வந்துருச்சு."

"அழாதீக ஐயா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. எம்பிள்ளை தமிழுக்கு முத்தங் குடுத்தே மாசக் கணக்காச்சு."

ஒவ்வொரு மாதமும் அவள் கடைசியாகப் போனாள். ஒவ்வொரு மாதமும் அவர் துணியை மூடினார். மே மாதம் அவருக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொள்ள வந்தவர் வாசலிலேயே நின்று, "எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னார். பண்ணினாள்.

புதிதாக வந்த ஆயர் கெட்டிக்காரர். மருந்து அளக்கும் அளவில் சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள் வரவழைத்தார். ஆளுக்கொன்று. சுத்தமாகவும் இருக்கிறது, நேரமும் மிச்சம் என்று சபை சந்தோஷப்பட்டது. பாக்கியநாதன் கூட, "இனிமே நீ எல்லாரோடயும் வரலாம் தங்கச்சி" என்று சிரித்தார். தங்கப்பொண்ணு நடுவரிசையோடு போய் முழங்காலிட்டாள். தட்டு அவளிடம் வந்தபோது ஆயர் அதைக் கொஞ்சம் திருப்பி, ஓரத்திலிருந்த கிண்ணத்தை அவள் பக்கம் காட்டினார். அவள் எடுத்தாள். அதன் அடியில் சிவப்பு நகப்பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருந்தது.

குடித்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து முதல்தடவையாக ஆண்டவரிடம் கோபப்பட்டாள். சத்தம் வெளியே கேட்காமல் இருக்க வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "நீரும் பொட்டு வச்சிருக்கீரா, நீரும் வச்சிருக்கீரா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலை அடுப்படியில் முழங்காலிட்டபோது வெட்கமாக இருந்தது, ஆனாலும் முழங்காலிட்டாள். வேறு யாரிடம் போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஊருக்குள் வேலை கிடைக்கவில்லை. பஸ் ஏறித் திருநகரில் மூன்று வீடுகளில் துணி துவைத்தாள். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. இரண்டு வருஷம் அப்படி ஓடிற்று. பிறகு காய்ச்சல் வந்தது, போனது, வந்தது. வாய்க்குள் வெள்ளை பூத்து எச்சில் விழுங்கவே எரிந்தது. ஒரு வீட்டம்மா அவள் இருமுவதைக் கேட்டு, "நல்லாகிட்டு வாம்மா" என்று அனுப்பிவிட்டாள்.

2001 ஜூனில் தமிழ்வாணியை மதுரையில் ஒரு மிஷன் விடுதியில் சேர்த்தாள். விண்ணப்பத்தில் தகப்பன் இறந்த காரணம் என்று ஒரு கோடு இருந்தது. விடுதிக் காப்பாளர் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"காய்ச்சல்" என்றாள் தங்கப்பொண்ணு. பிள்ளையைச் சேர்க்கமாட்டார்களோ என்று அதைச் சொன்னாள். அன்றைக்கெல்லாம் அந்தப் பொய்க்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளைப் பார்க்க மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை மட்டும் விடுவார்கள். ஜூலையில் போனாள். ஆகஸ்டில் போனாள். செப்டம்பரில் பஸ் படி ஏற முடியாமல் இரண்டு பஸ்களை விட்டாள். மூன்றாவதில் கண்டக்டர் கைகொடுத்து ஏற்றிவிட்டார். அக்டோபரில் மாயக்காள் கூட வந்தாள். போகிற வழியெல்லாம் சாமிகளையும் தம்பியையும் இவளையும் மாறிமாறித் திட்டிக்கொண்டே, இவள் தலை சாயும்போதெல்லாம் தன் தோளைக் கொடுத்தாள்.

"நீ எப்பம்மா இனிமே வருவ?" என்றாள் தமிழ்வாணி.

"அடுத்த மாசம் வர முடியாம இருக்கும் தமிழ். அத்தை வருவாக."

"ஒனக்கு நல்லாயிருமா?"

தங்கப்பொண்ணு பொய் சொல்லவில்லை. "தெரியலம்மா" என்றாள். "நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நீயும் கேளு. குடுத்தாலும் குடுக்காட்டியும் கேக்குறத விட்டுறாத."

பிள்ளைக்கு அது போதவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நவம்பர் முதல் வாரம் தங்கப்பொண்ணு இறந்தாள். கடைசிப் பதினைந்து நாள் மாயக்காள்தான் கையில் பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு அவளைத் துடைத்து, துணி மாற்றி, காலையில் அடுப்படிப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தாள். எதற்கு அந்தப் பக்கம் கேட்கிறாள் என்று மாயக்காளுக்குத் தெரியாது. உதடு அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பாள். அடக்கத்துக்குப் பதினோரு பேர் வந்தார்கள். விடுதிக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. கல்லறைத் தோட்டத்துக் கடைசிச் சுவரோரம் இடம் கொடுத்தார்கள்.

இரண்டாவது சனிக்கிழமை மாயக்காள் மட்டும் விடுதிக்குப் போனாள். தமிழ்வாணி வராந்தாவில் ஓடி வந்து, அத்தைக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.